பாடும் சபுரும்: துன்பம் பற்றி இரண்டு வீட்டார் சொல்வது

மதுரைப் பக்கம் துக்க வீட்டுக்குப் போனால், வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளில் ஒருத்தியாவது சொல்வாள்: "படாத பாடு பட்டுட்டா, இனிமேலாவது நிம்மதியாக் கிடக்கட்டும்." வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்குப் போகிறோம். பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். உழைப்புக்கும் வலிக்கும் நம்மிடம் ஒரே சொல். இயேசு பிடிபட்டதிலிருந்து சிலுவையில் உயிர்விட்டது வரை நடந்தவற்றுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்த பெயரும் அதுதான்: பாடுகள். 'துன்பங்கள்' என்று போட்டிருந்தால் மேலே வந்து விழுந்த ஏதோ ஒன்று என்று ஆகியிருக்கும். 'பாடு' என்றதும் ஒருவர் தோள்கொடுத்துச் சுமந்த வேலை என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. இந்தச் சொல்லை முதலில் எடுத்து வைத்தவர் யாரோ, அவருக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவன். ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சாமி நல்லவர்னா எங்க அப்பத்தாவுக்கு ஏன் இப்படி?" கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் கேட்கும்: "எங்க தெருவுல பாய் வீட்டுல இதுக்கு என்ன சார் சொல்லுவாங்க?" இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் பல வருடம் மழுப்பியிருக்கிறேன். அப்புறம் படித்தும், கேட்டும், ஒரு ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பான பதிலை ஓரம்கட்ட வேண்டும். "எந்தப் பாவம் செஞ்சாளோ, இப்படி அனுபவிக்கிறா" என்பது நம் ஊரில் எல்லா மதத்தாரும் சொல்வது. பைபிளில் இதைச் சொல்வதற்கென்றே மூன்று பேர் வருகிறார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். யோபுவின் நண்பர்கள். யோபு நல்ல மனிதர். ஏழு மகன்கள், மூன்று மகள்கள், ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. பிறகு உடம்பெல்லாம் புண். நண்பர்கள் வந்தார்கள், ஏழு பகல், ஏழு இரவு, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உருப்படியாகச் செய்தது அந்த ஏழு நாள்தான். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள்: நீ ஏதோ செய்திருக்கிறாய், ஒத்துக்கொள்.

யோபு ஒத்துக்கொள்ளவில்லை. 42 அதிகாரம் உள்ள அந்த நூலில் பெரும்பகுதி அவர் மல்லுக்கு நிற்பதுதான். நண்பர்களிடம் மட்டுமில்லை, கடவுளிடமே. 'பொறுமைக்கு யோபு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். நூலைத் திறந்து படித்தால் அவர் போடும் சத்தம் திகைக்க வைக்கும். கடைசியில் கடவுள் பேசுகிறார். ஏன் இப்படி நடந்தது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூடத் தரவில்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று திருப்பிக் கேட்கிறார். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: என்னைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான், இந்த மூன்று பேரும் இல்லை. கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்குத்தான் திட்டு விழுகிறது.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்திருந்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

அப்படியானால் கிறிஸ்தவத்தின் பதில்தான் என்ன? விளக்கமாக எதுவும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். இருப்பது ஒரு ஆள். சிலுவையில் தொங்கிக்கொண்டு, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லிக் கதறிய ஆள். கடவுள் மேலே உட்கார்ந்து நம் வலியைக் கணக்கெழுதிக்கொண்டிருக்கவில்லை, அந்த வலிக்குள்ளேயே இறங்கி வந்தார் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயில்களில் சிலுவைப்பாதை நடக்கும். மொத்தம் 14 நிலை. அதில் மூன்று நிலைகளில் இயேசு கீழே விழுகிறார். ஐந்தாம் நிலையில் சீரேன் ஊர்க்காரர் சீமோன் வந்து சிலுவையைத் தூக்கக் கை கொடுக்கிறார். சீரேன் இன்றைய லிபியாவில் இருக்கிறது. பிள்ளைகளிடம் நான் அந்த நிலையில் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன். கடவுளுக்கே சுமை தாங்கமுடியாமல் வழியில் போன வெளியூர்க்காரன் ஒருவன் தோள் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், நமக்கு ஆள் தேவைப்படுவதில் என்ன வெட்கம்?

இந்த நம்பிக்கையைக் கெடுத்துப் பேசுகிறவர்களும் உண்டு. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பற்றிச் சொல்லி அழும் பெண்ணிடம், "இது ஒன் சிலுவை, சும" என்று புத்தி சொல்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவிசேஷத்தில் இயேசு எந்த நோயாளியிடமும் அப்படிச் சொன்னதில்லை. தன்னிடம் வந்தவர்களைக் குணமாக்கித்தான் அனுப்பினார். தன் விருப்பத்தோடு ஏற்றது சிலுவை. அடுத்தவன் தூக்கி வைத்தது கொடுமை. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் துக்க வீட்டில் பேசாமல் இருப்பது நல்லது.

இனி பாய் வீட்டுக்கு வருவோம்.

யோபு அங்கேயும் இருக்கிறார். அய்யூப் நபி. குர்ஆனில் அவர் கதை நீளமாக இல்லை. அன்பியா, ஸாத் என்ற இரண்டு அத்தியாயங்களில் சில வசனங்கள்தான் அதைச் சொல்கின்றன. நண்பர்களின் வாதமும் கிடையாது. அய்யூப் ஒரே ஒரு வரியில் முறையிடுகிறார்: துன்பம் என்னைத் தீண்டிவிட்டது, நீயோ கருணையாளர்களில் எல்லாம் பெரும் கருணையாளன். என்னைக் குணமாக்கு என்றுகூட அவர் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். காலால் தரையை உதை என்று பதில் வருகிறது. உதைத்த இடத்தில் குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த தண்ணீர் பொங்குகிறது. அவரைப் பொறுமையாளராகக் கண்டோம் என்று இறைவனே சான்று சொல்கிறான்.

அந்தப் பொறுமைக்கு அரபியில் ஸப்ர். நம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் 'சபுர்' என்பார்கள்: "சபுர் செய்யுங்க." வாயை மூடிக்கொண்டு கிட என்று இதற்குப் பொருள் வைத்துக்கொண்டால் அது தப்பு. யூஸுஃபைப் பறிகொடுத்த தகப்பன் யாகூப் நபி அழகிய பொறுமை என்று சொன்னவர்தான். அவரே அழுது அழுது கண் வெளுத்துப் போனார் என்கிறது குர்ஆன். என் துக்கத்தை அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்கிறார். முறையிடலாம், எங்கே முறையிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நபிகள் நாயகத்தின் கைக்குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும்போது அவர் கண்ணில் நீர் வழிந்தது. நீங்களுமா என்று கேட்டவரிடம், இது கருணை என்றார். கண் அழுகிறது, நெஞ்சு வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்றார். இறந்துபோன நண்பர் லாசரின் கல்லறைக்குப் போன வழியில் இயேசுவும் கண்ணீர் விட்டார். 'விசுவாசம் இருந்தா அழக்கூடாது' என்று யாராவது சொன்னால், இரண்டு வீட்டிலும் அதற்கு ஆதாரம் கிடையாது.

ஒரு மௌத், அதாவது சாவுச் செய்தி வந்தால் முஸ்லிம்கள் உடனே சொல்வது: இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறோம். இது பகரா அத்தியாயத்தில் வருகிறது. பயத்தாலும் பசியாலும், பொருளும் உயிரும் விளைச்சலும் குறைவதாலும் உங்களைச் சோதிப்போம் என்று சொல்லி, அப்போது இப்படிச் சொல்கிற பொறுமையாளர்களுக்கு நற்செய்தி சொல்லுங்கள் என்கிறது. கிறிஸ்தவ துக்க வீட்டு அட்டையில் அச்சடித்திருப்பது யோபு சொன்னது: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு பிரிகிற இடத்தையும் சொல்லாவிட்டால் நான் பொய்யன். மேடையில் மூன்று மதத்துப் பெரியவர்களை நிறுத்தி, புறாவைப் பறக்கவிட்டு, "எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று பேசிக் கலைகிற கூட்டங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்று இல்லை. கிறிஸ்தவத்தின் நடு மையமே சிலுவைதான். குர்ஆனோ நான்காம் அத்தியாயம் 157ஆம் வசனத்தில், இயேசுவை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது. அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது. இயேசு அங்கே ஈஸா நபி. பெரிய நபி, மர்யமின் (மரியாளின்) மகன். ஆனால் கடவுள் இல்லை. கடவுள் பாடுபட்டார் என்று ஒரு முஸ்லிமால் சொல்ல முடியாது. அவர் நம்பிக்கையில் அது இறைவனின் மகத்துவத்துக்குக் குறைவு. ஒரு கிறிஸ்தவருக்கோ அதுதான் மகத்துவமே. இதைப் பேசித் தீர்த்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பதினாலு நூற்றாண்டாகத் தீரவில்லை.

அதேபோல முஸ்லிம் பார்வையில் துன்பம் பெரும்பாலும் சோதனை. பாவம் கழிகிற வழியும்கூட. காலில் முள் குத்தினால்கூட அதனால் ஒரு பாவம் குறைகிறது என்று ஹதீஸ், அதாவது நபிமொழி உண்டு. இதைக் கேட்டுவிட்டு, 'அவங்க எல்லாத்தையும் விதின்னு விட்டுருவாங்க' என்று சில கிறிஸ்தவர்கள் நினைக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அப்புறம் அல்லாஹ்வை நம்பு என்பதும் ஹதீஸ்தான். எந்த நோயை இறக்கினாலும் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பதும் ஹதீஸ்தான். அந்தப் பக்கத்திலோ, கிறிஸ்தவர்கள் வலியைக் கொண்டாடுகிறவர்கள் என்ற எண்ணம் உண்டு. கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரியில் எத்தனை முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் பிறந்திருக்கும்! வலியைக் கொண்டாடுகிறவர்கள் எதற்கு ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள்?

ஆஸ்பத்திரி என்றதும் எனக்கு மத்தேயு 25ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். கடைசித் தீர்ப்பு நாளில் அரசர் சொல்வார்: "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." ஆண்டவரே, எப்போது உம்மை வியாதிக்காரராகப் பார்த்தோம் என்று அவர்கள் கேட்பார்கள். இந்தச் சிறியவர்களில் ஒருவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்பார்.

இமாம் முஸ்லிம் தொகுத்த ஹதீஸ் நூலில், மறுமை நாளில் அல்லாஹ் கேட்பதாக ஒன்று வருகிறது: ஆதமின் மகனே, நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்க வரவில்லையே? மனிதன் திகைப்பான். நீயோ அகிலங்களின் இறைவன், உன்னை எப்படி நலம் விசாரிப்பது? அதற்கு அவன் சொல்வான்: என் அடியான் இன்னார் நோயாகக் கிடந்தது உனக்குத் தெரியாதா? நீ போயிருந்தால் என்னை அவனிடத்தில் கண்டிருப்பாயே.

முதல்முறை இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒரே படம். ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு நூலிழை வித்தியாசம் தெரியும். இயேசு, 'எனக்கே செய்தீர்கள்' என்கிறார். நோயாளியும் அவரும் அங்கே ஒன்றாகிவிடுகிறார்கள். ஹதீஸில் அல்லாஹ், 'அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய்' என்கிறான். நோயாளி நோயாளிதான், இறைவன் இறைவன்தான், ஆனால் அவன் இருப்பது அந்தக் கட்டிலோரத்தில். மேலே சொன்ன பெரிய பிரிவு இந்தச் சின்ன வாக்கியத்திலும் இருக்கிறது. ஆனால் வெளியே கிளம்பிப் போய் நிற்க வேண்டிய இடம் இரண்டு பேருக்கும் அதே கட்டில்தான். முஸ்லிம்கள் நோயாளியை விசாரிக்கப் போவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். அதற்கு 'இயாதத்' என்று பெயர்.

இப்போது சமாதானத்துக்கு வருவோம். மதுரையில் 'சமாதானம்' என்றால் பஞ்சாயத்தில் சண்டையை முடித்து வைப்பது. கிறிஸ்தவர்களுக்கு அது வாழ்த்து. உயிர்த்த இயேசு, கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து கிடந்த சீடர்கள் நடுவே வந்து, "உங்களுக்குச் சமாதானம்" என்றார். சொன்ன கையோடு தன் கைகளையும் விலாவையும் காட்டினார். ஆணியும் ஈட்டியும் போன இடங்கள். எபிரேயத்தில் அந்த வாழ்த்து ஷாலோம், அரபியில் ஸலாம். இரண்டும் ஒரே வேர். காஜிமார் தெருவில் ஒருவர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லும்போது, கிட்டத்தட்ட அன்று அந்தப் பூட்டிய அறையில் கேட்ட வாழ்த்துதான் காதில் விழுகிறது.

சரித்திரத்தில் இரண்டு சமூகமும் வெட்டிக்கொண்ட பக்கங்கள் நிறைய. அதை எல்லாரும் சொல்வார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு இரண்டு. கி.பி. 615 வாக்கில், மக்காவில் அடியும் உதையும் தாங்கமுடியாமல் ஒரு முஸ்லிம் கூட்டம் கடல் கடந்து அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியாப் பக்கம்) ஓடியது. அங்கே ஆட்சி செய்தவர் நஜாஷி, கிறிஸ்தவ மன்னர். இவர்களைத் திருப்பி அனுப்பு என்று மக்காவிலிருந்து பரிசுப் பொருளோடு தூது வந்தது. மன்னர் அகதிகளைக் கூப்பிட்டு விசாரித்தார். அகதிகளில் ஒருவரான ஜஅஃபர் குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தை ஓதினார். பேரீச்ச மரத்தடியில் தன்னந்தனியாகப் பிரசவ வலி தாங்காமல், இதற்கு முன்பே நான் செத்திருக்கக் கூடாதா என்று மர்யம் கதறுகிற இடம் அதில்தான் வருகிறது. மன்னர் அழுதார். அகதிகளைக் கொடுக்க மறுத்துவிட்டார். பின்னாளில் அவர் இறந்த செய்தி வந்தபோது நபிகள் நாயகம் மதீனாவில் இருந்தபடியே அவருக்கு ஜனாஸா, அதாவது இறந்தவருக்கான தொழுகை தொழுதார். வியாகுல மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்த எனக்கு இந்தக் கதையை யாரும் சின்ன வயதில் சொல்லவில்லை என்பதில் இன்றும் கொஞ்சம் வருத்தம்.

இரண்டாவது, நம் காலத்தில் நடந்தது. அல்ஜீரியாவில் திபிரின் என்ற மலைக் கிராமத்தில் பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவிகள் சிலர் முஸ்லிம் குடியானவர்கள் நடுவே வாழ்ந்தார்கள். அதில் லூக் என்பவர் டாக்டர். சுற்றுவட்டாரத்துக்கே வைத்தியம் பார்த்தவர். 1990களில் உள்நாட்டுப் போர் வந்தது. கிளம்பிவிடுங்கள் என்று பலர் சொல்லியும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1996 மார்ச்சில் ஏழு பேர் கடத்தப்பட்டு, பிறகு கொல்லப்பட்டார்கள். தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே, கொல்லப்படலாம் என்று தெரிந்தே முன்கூட்டி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். என் சாவை வைத்து அல்ஜீரியர்களையோ இஸ்லாத்தையோ குற்றம் சொல்லாதீர்கள் என்பது அதன் சாரம். தன்னைக் கொல்லப்போகிறவனைக் கடைசி நிமிட நண்பன் என்று அதில் அழைக்கிறார். இதற்கு ஒரு முன்கதை உண்டு. இளவயதில் அவர் ராணுவ அதிகாரியாக அல்ஜீரியாவில் இருந்தபோது, முகமது என்ற முஸ்லிம் நண்பர் குறுக்கே நின்று அவர் உயிரைக் காப்பாற்றினார். அதற்காகவே முகமது கொல்லப்பட்டார். அதாவது, முதலில் பாடுபட்டது முஸ்லிம். கிறிஸ்தவர் பட்டது அதற்குப் பதில்மரியாதை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2018 டிசம்பர் 8 அன்று அந்த நாட்டு ஓரான் நகரிலேயே துறவிகளுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள்.

நம்பிக்கைக்காகச் செத்தவரைக் கிரேக்கத்தில் 'மார்த்திஸ்' என்றார்கள், அரபியில் 'ஷஹீத்', தமிழில் 'மறைசாட்சி'. மூன்றுக்கும் பொருள் சாட்சி. சாட்சி பார்த்ததைச் சொல்வான். பழி வாங்குவது அவன் வேலை இல்லை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று வெட்டுப்பட்ட கிறிஸ்தவக் குரு அருளானந்தர் இரத்தம் சிந்திய இடத்துச் செம்மண்ணை நம் பக்கத்து ஆட்கள் இன்றும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். 2019இல் அதே பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் போப் பிரான்சிஸும் எகிப்தின் அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் தலைமை இமாம் அகமது அல் தய்யிபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். தேதி தற்செயலாக அமைந்ததுதான். இருந்தாலும் ஓரியூர் திருவிழாவில் இதை யாராவது மைக்கில் ஒரு வரி சொல்லலாம்.

ஆவணம் எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்த சமாதானம் தூக்குவாளியில் வந்தது. 2025 மார்ச்சில் அப்பா பக்கவாதத்தில் விழுந்து, கோரிப்பாளையம் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. பக்கத்துக் கட்டிலில் மேலூர்ப் பக்கத்துப் பாய் ஒருவர். சர்க்கரையால் கால் விரல் எடுத்திருந்தது. அவர் வீட்டம்மா நோன்பு வைத்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டார். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க நான் தனியாகத் திணறும்போது, கேட்காமலே எழுந்து வந்து ஒரு பக்கம் பிடிப்பார். ஏன் இப்படி ஆச்சு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் மகன் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு வருவான். பாங்கு சத்தம் கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், அப்புறம் எனக்கும் ஒரு டம்ளர் கஞ்சி. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அந்த அம்மா வழக்கமான தூக்குவாளியை எடுக்காமல் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்தார்.

"தம்பி, அதுல கொத்துக்கறி போட்டிருக்கு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஒங்களுக்கு ஆகாதுல்ல? இது வீட்டுல கறி போடாமக் காச்சுனது. சூடு ஆறிப்போச்சு, பாத்துக்கங்க."